அம்மாவின் கல்லில் இரண்டு வரி இடம்

போவால், கயூனா தீவு
9 பிப்ரவரி 1998

அன்புள்ள ஜெஃபரின் அக்காவுக்கு,

தம்பி கான்யூட் எழுதுவது. நான் நலம். கூரை நலம். இடது கடைவாய்ப் பல் மட்டும் கடவுளிடம் போய்ச் சேர்ந்தது, அதற்காக நீ அழ வேண்டாம். ஹடர்ஸ்ஃபீல்டில் பனி எவ்வளவு, நீ எவ்வளவு? போன தடவை அனுப்பிய போட்டோவில் பாதிக்கு நீ இருந்தாய், மிச்சமிருந்த இடத்தில்தான் தேவாலயம்.

எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மூன்றாம் வகுப்போடு என்னை இழுத்துச் சங்கு எடுக்கக் கடலில் தள்ளியது அப்பா. கேட்பதானால் அவரைக் கேள்.

இப்போது சேதி. நன்றாகச் சாய்ந்து உட்கார். உன் தம்பி அரசாங்க ஆள்! காக்கித் தொப்பி, விசில், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. எல்லாம் ஒரு பல்லி போட்ட பிச்சை.

குன்றின் மேல் அம்மா சமாதியைச் சுற்றி நாம் சங்கு அடுக்கினோமே, நவம்பரில் மெழுகுவத்தி ஏற்றப் போனபோது அதில் ஒன்றைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு பொடிப் பல்லி எட்டிப் பார்த்தது. என் கட்டை விரல் நீளம். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, யாரோ பாசிமணி டப்பாவை முதுகில் கவிழ்த்த மாதிரி. முப்பது வருஷம் காட்டில் கரி சுட்டவன் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பறவை எண்ண வந்திருந்த டாக்டர் ஹால்வர்சன் என்ற அம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் புல்லிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"மிஸ்டர் கான்யூட், உலகத்துல வேற எங்கயும் இது இல்ல" என்றாள்.

அக்கா, இதற்கு முன் என்னை மிஸ்டர் என்று கூப்பிட்டது ஒரு நீதிபதிதான். அதுவும் உள்ளே தள்ளுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்.

தீவு முழுக்கத் தேடிவிட்டார்கள். நம் நிலத்தில் மட்டும், அம்மா சமாதியிலிருந்து மேலே உள்ள பெரிய பாறைவரை, அவ்வளவுதான். எண்பத்து மூன்று பல்லி. அவற்றுக்கு நான் காவல்.

அம்மா சமாதிக்கு வைக்க வேண்டிய கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேஸ்திரி பாய்சி அடுத்த வாரம் வார்க்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள். ரொம்பப் பார்க்காதே, கண்ணாடி உடையும்.

உன் தம்பி,
மிஸ்டர் கான்யூட்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
3 மார்ச் 1998

தம்பி கான்யூட்டுக்கு அக்காவின் ஆசி.

இங்கே நலமே. அங்கே உன் பல்லும் புத்தியும் எப்படி என்று அறிய ஆவல். உனக்கு வேலை கிடைத்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன். நம் ஊர் இனெஸ் நம்பவில்லை. "எந்தப் பல்லி அவனை நம்புச்சு?" என்றாள்.

விளையாட்டு போதும். அம்மா மறுபடி கனவில் வந்தாள். வாசலில் நனைந்துபோய் நின்றாள். "எல்லாரும் உக்காந்திருக்காங்க, நான் மட்டும் ஆறு வருசமா நிக்கிறேன்டீ" என்றாள். கல் வைத்தால்தானே அவளுக்கு அங்கே உட்கார இடம். இந்த ஆகஸ்டைத் தாண்டக் கூடாது. ஆகஸ்ட் 6 படகில் நான் வருகிறேன். முதல் கை சிமெண்ட் மூத்த மகளுடையதாக இருக்க வேண்டும்.

பாய்சியிடம் ஒன்று சொல். அம்மா பெயருக்கும் வருஷத்துக்கும் கீழே இரண்டு வரிக்கு இடம் விடட்டும். மறந்துவிடாதே. இரண்டு வரி.

எனக்கு விலாவில் ஒரு சின்ன வலி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. என் நீலக் கோட்டை இனெஸுக்குக் கொடுத்துவிட்டேன், எனக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு.

ஜெஃபரின்

*

போவால்
28 மார்ச் 1998

இளைத்துப்போன அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டுமா? நீலக் கோட்டே தொளதொளக்கிறது என்றால் நலத்துக்கு மேல் ஏதோ நடக்கிறது. யார் அந்த ஆள்? பஸ் ஓட்டுநரா, பாதிரியாரா? விலா வலிக்குக் காரணம் உருளைக்கிழங்கு. இங்கே வந்து துவரைக்காய்ச் சோறும் பொரித்த மீனும் தின்றால் எல்லா வாயுவும் ஊதிக்கொண்டு வெளியே போகும்.

கல் தயார். நாலு பேர் சுமந்து வந்து அம்மா கட்டிலில் படுக்க வைத்தோம். வழக்கப்படி வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் தண்ணீரும் ரம்மும் வைத்திருக்கிறேன். தண்ணீர் அப்படியே இருக்கிறது. ரம் மட்டும் எப்படியோ குறைகிறது. இந்தக் கல் அம்மாவைவிட மேல் அக்கா, குறட்டை விடுவதில்லை, என்னைத் திட்டுவதும் இல்லை.

இரண்டு வரி இடம் விட்டாயிற்று. "யாருக்குடா இது, வாடகைக்கு விடப் போறீங்களா?" என்று பாய்சி கேட்டான். எங்க அக்கா இங்கிலீஷ்காரி ஆயிட்டா, அங்கெல்லாம் கல்லுக்குக்கூட முன்பக்கம் தோட்டம் வேணும் என்றேன்.

ஆகஸ்ட் என்று நீ சொல்கிறாய். அப்போது மழை. மேளக்காரர்கள் வேறு படகுப் பந்தயத்துக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. சும்மா தோன்றியது.

பல்லிகள் நலம். உன்னை விசாரித்தன.

கான்யூட்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
20 ஏப்ரல் 1998

கான்யூட்டுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் இருக்கிறேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மழையில் கல் வைத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மழையில்தான் வைத்தோம்.

இனெஸின் சித்தி மகன் போன வாரம் அங்கிருந்து வந்தான். குன்றைச் சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறதாம். புதர் வெட்டக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, சிமெண்ட் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்களாம். குடும்ப நிலம், குடும்பத்தார் கையெழுத்தில்லாமல் யாரும் கம்பி போட முடியாது. அந்தக் கையெழுத்து உன்னுடையது என்றான்.

நான் அவனைப் பொய்யன் என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது சரிதானா?

உடம்பு பரவாயில்லை. படிக்கட்டுதான் கொஞ்சம் சிரமம். கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டாயிற்று.

அக்கா

*

போவால்
15 மே 1998

கோபக்கார அக்காவுக்கு,

கும்பிடு. கட்டில் கீழே வந்துவிட்டதா? மாடிப்படி பிழைத்தது, பாவம், இருபது வருஷமாக உன்னைச் சுமந்தது.

அந்தப் பையன் பொய்யன் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான், நல்ல கையெழுத்து வேறு, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை.

கோபப்படாமல் படி. கல் வைக்கிற விருந்தென்றால் என்னவென்று உனக்கே தெரியும். நூறு பேர் மேலே ஏறுவார்கள். புதரை வெட்டிக் கொளுத்துவோம். சங்கை எல்லாம் அள்ளி ஓரம் எறிந்துவிட்டுச் சிமெண்ட் கொட்டுவோம். பல்லிகளில் பாதி அம்மா சமாதியில்தான் குடியிருக்கின்றன. டாக்டர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசம் மட்டும், மிஸ்டர் கான்யூட். முட்டை பொரிஞ்சு கொஞ்சம் பெருகட்டும். அப்புறம் உங்க அம்மாவுக்கு என் கையாலயே மண் சுமக்குறேன்" என்றாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதான பிறகு ஒருத்தி என் கையைப் பிடித்தால் நான் என்ன செய்வேன்?

யோசித்துப் பார் அக்கா. அம்மா செத்துப்போனாள். பல்லி உயிரோடு இருக்கிறது. அவசரம் யாருக்கு? ஆறு வருஷம் நின்றவள் ஏழாவது வருஷமும் நிற்பாள், அவளுக்கு நல்ல கால்.

டிக்கெட்டை அடுத்த ஆகஸ்டுக்கு மாற்று. அதற்குள் உன் ஆளையும் கூட்டி வந்துவிடலாம்.

கான்யூட்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
22 ஜூன் 1998

தம்பி கான்யூட்டுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அடுத்த வருஷம் எனக்குத் தோதுப்படாது. காரணம் கேட்காதே. நூறு பேர் வேண்டாம், மேளம் வேண்டாம், நெருப்பு வேண்டாம். நீயும் பாய்சியும் நானும் போதும். சங்கை ஒவ்வொன்றாக நானே எடுத்து அப்பால் வைக்கிறேன், ஒரு பல்லி சாகாது. உன் டாக்டரிடம் இதைக் கேள். ஒருதரம் கேள்.

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் கேட்கிறேன். இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

ஜெஃபரின்

*

போவால்
14 ஜூலை 1998

கையெழுத்து ராணிக்கு,

வணக்கம் மேடம்! உன் கடிதத்தைப் பிரித்ததும் தபாலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். எப்போதிருந்து உன் எழுத்து இப்படி முத்து முத்தாக ஆனது? கிழவிகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாயா? இல்லை, எழுதக்கூட ஆள் வைத்துக்கொண்டாயா? இங்கிலாந்தில் சோம்பேறித்தனத்துக்கும் பென்ஷன் உண்டு போலிருக்கிறது.

டாக்டரிடம் கேட்கப் போனேன். அவள் அப்போது அளவு நாடாவும் கையுமாக ஒரு முட்டைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். வேலை நேரத்தில் கேட்பது மரியாதை இல்லை என்று வந்துவிட்டேன். பிறகு கேட்கிறேன்.

ஆனால் உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று செய்திருக்கிறேன். கல்லில் அந்த இரண்டு வரி இடம் மொட்டையாகக் கிடந்து கண்ணை உறுத்தியது. பாய்சி ரம் குடித்து நல்ல மனநிலையில் இருந்த ஒரு மதியம், அதில் பல்லியைச் செதுக்கச் சொன்னேன். அரை விரல் ஆழத்துக்கு, வாலைச் சுருட்டி, கண்ணெல்லாம் வைத்துச் செதுக்கிவிட்டான்! ஒவ்வொரு புள்ளிக்கும் நானே உட்கார்ந்து படகு பெயிண்ட் அடித்தேன். டாக்டர் வந்து போட்டோ எடுத்தாள். அம்மா மடியில் பல்லி படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. நீ வந்து பார்த்தால் உனக்கே பொறாமையாக இருக்கும்.

சிரித்தாயா? சிரித்திருப்பாய்.

கான்யூட்

*

போவால்
20 ஆகஸ்ட் 1998

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கலாமா, இல்லை அதற்கும் கோபமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

6ஆம் தேதி படகு வந்தபோது நான் இறங்குதுறையில் இருந்தேன். வேறு வேலையாகத்தான். 8ஆம் தேதியும் வேறு வேலை இருந்தது. 10ஆம் தேதியும். எடைக்கு மேல் சுமை என்று உன்னை ஏற்ற மறுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று படகுக்காரனிடம் சொன்னேன், அவன் மட்டும் சிரித்தான்.

படகுப் பந்தயத்தால் ஊரில் ஒரு விடுதியிலும் இடமில்லை. ஆன்ஸ்லோ என்று ஒரு வெள்ளைக்காரர் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பூக்களைப் படம் எடுப்பவராம். ஒரு வாரமாக நம் வீட்டில் வைத்திருக்கிறேன். தங்கமான மனிதர். கருவாட்டுக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வரத் தின்றார். பை நிறைய ஃபிலிம் டப்பா, இருநூறுக்குக் குறையாது. "ஒரு கேமராவுக்கு இவ்ளோ டப்பாவா சார்? பூ என்ன ஓடியா போயிடும்?" என்று தினமும் சீண்டுகிறேன். அவரும் சிரிப்பார்.

வீட்டில் கல் படுத்திருக்கும்போது புது ஆள் தலை சாய்த்தால், விடிந்ததும் அவரைச் சமாதிக்கு அழைத்துப்போய் இறந்தவரிடம் பெயரைச் சொல்லவைக்க வேண்டுமே. கம்பிக் கதவுச் சாவி என்னிடம்தான். கூட்டிப்போனேன். மண்டியிட்டு, "யூஃபெமியா அம்மா, என் பேரு ஆன்ஸ்லோ" என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? நீ பார்த்திருந்தால் அவரைத் தத்தெடுத்திருப்பாய். ஒரு சங்கைத் தூக்கி, குட்டி ஒன்றை அவருக்குக் காட்டினேன்.

எழுது. திட்டியாவது எழுது.

கான்யூட்

*

போவால்
11 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேறு யாரும் நலமில்லை.

ஆன்ஸ்லோ கிளம்பிய அன்று நான் துறைமுகத்தில் அவருடைய பையைப் படகில் ஏற்றிவிட்டேன். என் தோளில்தான் சுமந்தேன். பத்திரமாகப் போங்க சார் என்றேன். மறுநாள் குன்றுக்குப் போனால் கதவுப் பூட்டு உடைந்து தொங்குகிறது. ஒரு சங்கு பாக்கியில்லாமல் கவிழ்ந்து கிடக்கிறது. அம்மா மேல் இருந்த கற்களைக் கூடத் தோண்டி எறிந்திருக்கிறான். நாலு நாள் தேடினோம். இரண்டு வால் கிடைத்தது. ஒரு முட்டை, மிதிபட்டது. ஃபிலிம் டப்பாவில் பல்லி சரியாக அடங்குமாம், டாக்டர் சொன்னாள். வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்க ஆள் காத்திருக்கிறதாம்.

அவள் திட்டவில்லை. "கான்யூட், தொப்பிய மேசை மேல வைங்க" என்றாள். மிஸ்டர் இல்லை. விசிலையும் வைத்தேன். வில்லையைக் கழற்றத் தெரியாமல் சட்டை கிழிந்தது.

போகட்டும். நல்ல பக்கத்தைப் பார். கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி யாரும் தடுக்க மாட்டார்கள், கல்லை எந்த நாளும் வைக்கலாம். நீ ஜெயித்தாய் அக்கா. தேதியை மட்டும் சொல். ஒன்றாம் தேதி சொன்னாலும் சரி, முப்பத்தொன்று சொன்னாலும் சரி. முதல் கை சிமெண்ட் உன்னுடையது.

கான்யூட்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
2 அக்டோபர் 1998

கான்யூட் தம்பிக்கு, இனெஸ் எழுதுவது.

நலமாயிருக்க வேண்டுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஜெஃபரின் ஆகஸ்ட் 4ஆம் தேதி காலை போய்விட்டாள். ஈரல். பிப்ரவரியிலேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், ஆகஸ்டுவரை தாங்கலாம், அதற்கு மேல் உறுதியில்லை என்று. அதனால்தான் 6ஆம் தேதி டிக்கெட். உங்களிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா அவன் எனக்காகக் கல் வைப்பான். அம்மாவுக்காக வைக்கணும்" என்றாள். கல் வைக்கலாம் என்று உங்களிடமிருந்து கடிதம் வரும்வரை நான் எழுதக் கூடாது என்று பைபிள் மேல் கையை வைக்கச் சொன்னாள். இப்போது வந்துவிட்டது.

ஜூன் கடிதம் அவள் சொல்ல நான் எழுதியது. உங்கள் ஜூலைக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கல்லில் பல்லி செதுக்கிய வரிகளைத் தாண்டிப் போயிருக்கலாம். அந்த இடம் எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது, படித்துவிட்டேன். அந்த இரண்டு வரி அவளுக்காக. ஒன்று பெயர், ஒன்று வருஷம். அம்மா காலடியில் தன்னையும் வைக்க வேண்டும் என்று ஆசை.

நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஆமாம், சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

உடலை அனுப்ப வழியில்லாமல் எரித்துவிட்டோம். சாம்பலை என் சித்தி மகன் 24ஆம் தேதி படகில் கொண்டுவருவான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனெஸ்

*

போவால்
16 நவம்பர் 1998

இனெஸ் அக்காவுக்கு,

கான்யூட் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீலக் கோட்டு கதகதப்பாக இருக்கிறதா?

சித்தி மகன் டப்பாவைக் கொடுத்தான். ஒரு கையில் வாங்கினேன். இன்னொரு கையை எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை. போட்டோவில் பாதியை அடைத்து நின்றவள்.

இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற அன்று கல் வைத்தோம். முதல் கை சிமெண்டை டப்பாவின் மேல் போட்டேன், அவள் போட்டதாக இருக்கட்டும் என்று. நூறு பேர் வந்தார்கள். மேளம் அடித்தார்கள். புதரை வெட்டிக் கொளுத்தினார்கள், தடுக்க ஒன்றும் இல்லை. சோளக் களியும் ஆட்டுக்கறியும் போதாமல் போனது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல்லியை எடுக்கச் சொல்லிப் பாய்சி காலில் விழுந்தேன். உளியை வைத்துப் பார்த்தான். ஆழமாகப் போய்விட்டது, எடுத்தால் கல் அம்மா பெயரோடு இரண்டாகும் என்றான். பின்பக்கம் எழுதலாம் என்றால், பின்பக்கத்தில் பேர் எழுதினால் போனவளை வீட்டுக்கு வெளியே நிறுத்தின மாதிரி, உங்களுக்கே தெரியும். பல்லியின் வாலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருந்தது. முழுப் பெயர் கொள்ளவில்லை. வருஷமும் கொள்ளவில்லை. வீட்டில் கூப்பிடுகிற 'ஜெஃப்' மட்டும் அடங்கியது.

நேற்று பாய்மரப் படகில் வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி குன்றில் ஏறி வந்தாள். நான் சங்குகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்ளோ அழகு! ஜெஃப்ங்கிறது இந்தப் பல்லியோட பேரா?" என்றாள்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது.

"ஆமாம்மா. உலகத்துல வேற எங்கயும் இல்ல" என்றேன்.

அவள் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

நான் நலம்.

கான்யூட்